கல்லூரிக்கு வரும் புதிய ஆய்வுக்கருவியைப் பலரும் பயன்படுத்தச் செய்யும் வழிமுறை

தமிழ்நாட்டின் பல கலை அறிவியல் கல்லூரிகளில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவி ஒருவர், தம் ஆய்வுத்திட்டத்துக்காக ஒரு சேர்மத்தைத் தயாரித்தபின், அதைச் சிறு குப்பியில் அடைத்து, பெயர் எழுதி, கூரியர் மூலம் ஏதேனும் ஒரு பெரிய நிறுவனத்தின் கருவி மையத்துக்கு அனுப்புகிறார். சில வாரங்கள் கழித்து மின்னஞ்சலில் ஒரு வரைபடம் வந்து சேர்கிறது. அந்த வரைபடத்தைத் தந்த கருவியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அளவீடு சரியாக நடந்ததா, மாதிரியில் ஈரம் இருந்ததா, இன்னொரு முறை ஓட்டியிருந்தால் வேறு முடிவு வந்திருக்குமா என்று கேட்கவும் அவருக்கு வாய்ப்பில்லை. ஆய்வேட்டில் வரைபடம் இடம்பெறுகிறது; ஆய்வு செய்பவர் என்ற உணர்வு மட்டும் அவரிடம் உருவாவதில்லை.

துறைக்குச் சொந்தமாக ஒரு கருவி வரும்போது இந்த நிலை மாற வேண்டும். ஆனால் கருவி வந்ததனால் மட்டும் அது மாறிவிடாது. பூட்டிய அறையில், ஒரே ஒரு பேராசிரியரின் ஆய்வு மாணவர்கள் மட்டும் தொடும்படி கருவி வைக்கப்பட்டால், அந்தக் கல்லூரியிலேயே படிக்கும் மற்ற இருநூறு பேருக்கு அது இன்னொரு தொலைதூர மையம்தான். யார் அந்தக் கருவியின் முன் உட்காரப்போகிறார்கள் என்பதை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. முதுநிலைப் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகளின் அறிவியல் துறைகளையும், பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

எந்தக் கருவி என்று முடிவு செய்தல்

விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளின் மாணவர் ஆய்வேடுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த அளவீடு வெளியே செய்யப்பட்டது, எங்கே, எவ்வளவு காலம் பிடித்தது, கட்டணத்தை யார் செலுத்தினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே அளவிட வேண்டியிருந்ததால் கைவிடப்பட்ட தலைப்புகளையும் மாணவர்களிடம் கேட்டுச் சேருங்கள். இந்தப் பட்டியலில் மிகவும் முக்கியமான பகுதி அதுதான். பணம் இல்லாததால் ஒருவர் எளிய தலைப்புக்கு மாறியிருந்தால், அந்த மாற்றம் எந்த ஆய்வேட்டிலும் பதிவாகியிருக்காது.

இவ்வாறு பார்க்கும்போது, பெரும்பாலான துறைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது நடுத்தர விலையிலான, பலர் கையாளக்கூடிய கருவிகள்தான் என்பது தெரியவரும். மாதிரியை நேரடியாக வைத்து அளக்க உதவும் ஏடிஆர் இணைப்புடன் கூடிய, அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்யும் எஃப்டிஐஆர் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பொடியையோ திரவத்தையோ படிகத்தின்மேல் வைத்து அழுத்தினால் ஒரு சில நிமிடங்களில் நிறமாலை கிடைத்துவிடும். பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து வில்லையாக்கும் பழைய முறைக்குத் தேவையான கைப்பழக்கம் இதற்குத் தேவையில்லை. முதலாமாண்டு மாணவர்கூட அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு கரைசல் புற ஊதா ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யுவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டரும் அப்படித்தான். எக்ஸ் கதிர் கொண்டு பொருளின் படிக அமைப்பைக் காட்டும், மேசைமேல் வைக்கக்கூடிய எக்ஸ்ஆர்டி கருவி இவற்றைவிடச் சற்றுக் கடினமானது. எக்ஸ் கதிர் வெளியிடுவதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. ஆனாலும் மூடிய பெட்டிக்குள் இயங்கும்படியும், கதவு திறந்தால் கதிர் நின்றுவிடும்படியும் அமைக்கப்பட்டிருப்பதால் பயிற்சி பெற்ற மாணவர்கள் அதைப் பாதுகாப்பாக இயக்க முடியும்.

இதற்கு எதிராக, மின்தடையே இல்லாத மீக்கடத்துக் காந்தம் கொண்ட என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவிக்கு 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியமும், 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனும் தொடர்ந்து வேண்டும். அவற்றை நிரப்பத் தவறினால் காந்தம் தன் மீக்கடத்துத் தன்மையை இழந்துவிடும். சிறு நகரத்துக் கல்லூரி இத்தகைய கருவியைத் தனியாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெருமைக்காக வாங்கிய பெரிய கருவி ஒன்று இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோவதைவிட, நாள்தோறும் இருபது கைகள் தொடும் சிறிய கருவி மேலானது.

பெரிய கருவிகளுக்குப் பொது மையங்கள் இருக்கின்றன. இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் இயங்கும் சைஃப் எனப்படும் நுட்பப் பகுப்பாய்வுக் கருவி மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில் உள்ளது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்து நடத்தும் ஆய்வுக் கூட்டமைப்பின் கிளை ஒன்று கல்பாக்கத்துக்கு அருகே இயங்குகிறது. அதன் தலைமையகம் இந்தூரில் இருக்கிறது. நாட்டின் பல நிறுவனங்களில் உள்ள கருவிகளைத் தேடி முன்பதிவு செய்வதற்காக 2020ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் தளத்தையும் விண்ணப்பத்துக்கு முன் அவசியம் பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கருவி முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஏற்கெனவே இருந்து பாதி நாள் சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பணத்தில் வேறொன்றை வாங்கி இரு நிறுவனங்களும் பரிமாறிக்கொள்ளலாம்.

விண்ணப்பமும் கொள்முதலும்

அதே அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டம், பல்கலைக்கழகத் துறைகளுக்கும் முதுநிலைக் கல்லூரிகளுக்கும் அடிப்படை ஆய்வு வசதிகளை உருவாக்க நிதி அளித்து வருகிறது. மகளிர் நிறுவனங்களுக்கென்று க்யூரி என்ற தனித் திட்டம் இருக்கிறது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனம் அதன் மூலம் பயன்பெற்றவற்றுள் ஒன்று. எந்தத் திட்டமானாலும் அழைப்பு வெளியாகும் ஆண்டின் விதிமுறைகளையே பின்பற்ற வேண்டும், ஏனெனில் தகுதியும் தொகையும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

விண்ணப்பத்தில் பயனாளிகள் பற்றிய பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை மாற்றுங்கள். எந்தப் பாடப்பிரிவின் எந்தச் செய்முறைத் தாளில் இந்தக் கருவி நுழையும், ஆண்டுக்கு எத்தனை மாணவர்கள் தாமே இயக்குவார்கள், எந்தெந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வாரத்தில் எந்த நாள் ஒதுக்கப்படும் என்று எழுதி, அந்தக் கல்லூரி முதல்வர்களின் ஒப்புதல் கடிதங்களையும் இணையுங்கள். விண்ணப்பத்துக்கு இது வலிமை சேர்க்கும் என்பது ஒருபுறம் இருக்க, பின்னால் துறைத்தலைவர் மாறினாலும் கருவி ஒருவருடைய அறைக்குள் சுருங்கிவிடாமல் காக்கும் ஆவணமாகவும் இதுவே நிற்கும்.

கொட்டேஷன் கேட்கும்போது மூன்று செய்திகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். முதலாவது, உத்தரவாதக் காலம் முடிந்தபின் வரும் ஆண்டுகளுக்கான பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையை இப்போதே எழுத்தில் பெறுவது. கருவியை வாங்கியபின் பேரம் பேச நமக்கு எந்தப் பிடியும் இருக்காது. வாங்குவதற்கு முன் நிறுவனங்கள் இறங்கிவரும். இரண்டாவது, பயிற்சி. நிறுவும் நாளில் பொறியாளர் இரண்டு ஆசிரியர்களுக்கு விளக்கிவிட்டுப் போய்விடுவதே வழக்கமாக நடப்பது. அதற்கு மாறாக, ஒரு மாணவர் குழுவுக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும் என்றும், ஆறு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்து நடைமுறையில் எழுந்த ஐயங்களைத் தீர்க்க வேண்டும் என்றும் கொள்முதல் ஆணையிலேயே குறிப்பிடுங்கள். மூன்றாவது, மென்பொருள் உரிமம். கருவியுடன் இணைந்த ஒரே கணினியில்தான் தரவைத் திறக்க முடியும் என்றால், மாணவர்கள் அளப்பதற்கு மட்டுமல்லாமல் யோசிப்பதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அளவீட்டுத் தரவைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இல்லாத கருவியை வாங்காதீர்கள்.

அறையைப் பற்றி ஒரு சொல். தரைத்தளத்தில், சக்கர நாற்காலி நுழையும் அகலமான கதவுடன், உட்கார்ந்தபடியே மாதிரியை வைக்கும் உயரத்தில் மேசையுடன் அமையுங்கள். கட்டடம் எழும் காலத்தில் இவற்றுக்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. பின்னர் இடித்துக் கட்டுவது யாராலும் நடக்காது.

நேரத்தைப் பங்கிடுதல்

பணத்தைவிட நேரமே பலரை வெளியே நிறுத்துகிறது. கருவி யாருக்கு எந்த மணியில் கிடைக்கிறது என்பதில்தான் பங்கேற்பு முடிவாகிறது என்பதால், இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

1907ஆம் ஆண்டு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற சி.வி. ராமனுக்கு அப்போது எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி இல்லை. பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டு நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம், அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பும் வந்த பின்பும் அங்கே வேலை செய்ய அவரை அனுமதித்தது. பல்கலைக்கழகப் பேராசிரியராக அவர் பொறுப்பேற்றது 1917ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவரை ஆய்வாளராக வைத்திருந்தது அந்தக் கூடத்தின் திறந்த கதவும், அவருக்கு ஏற்ற நேரமும்தான். 1928ஆம் ஆண்டு கே.எஸ். கிருஷ்ணனுடன் அவர் செய்த ஒளிச்சிதறல் ஆய்வும் அதே கூடத்தில்தான் நடந்தது.

அதிகாலையும் இரவும் ராமனுக்கு ஏற்ற நேரமாக இருந்தன. இன்று உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு எது ஏற்ற நேரம் என்று நீங்கள் கேட்டறிய வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் கருவி சும்மா இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கும் துறை தாராள மனத்துடன்தான் அறிவிக்கிறது; ஆனால் பெண்கள் விடுதி மாலையிலேயே கதவடைக்கும் கல்லூரியில் அந்த அறிவிப்பு ஆண் மாணவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கிராமத்திலிருந்து வந்துபோகும் மாணவருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது எந்தக் கால அட்டவணையிலும் இருப்பதில்லை. பகுதிநேர வேலை செய்து படிப்பவர் சனிக்கிழமைதான் வர முடியும். ஆகவே பருவத் தொடக்கத்தில் ஒரு பக்கப் படிவம் கொடுத்து, எந்த நாளில் எந்த மணி முதல் எந்த மணி வரை வர இயலும் என்று எல்லா மாணவர்களிடமும் எழுதி வாங்குங்கள். பகல் நேரத்தின் நல்ல பகுதியை விடுதி மாணவியருக்கும் ஊரிலிருந்து வருபவர்களுக்கும் ஒதுக்கிவிட்டு, ஆய்வு மாணவர்களின் நீண்ட அளவீடுகளை இரவுக்கு மாற்றுங்கள். தானாக ஓடக்கூடிய அளவீடுகளைப் பகலில் ஓட்டி, கையால் செய்ய வேண்டியவற்றை மாலைக்குத் தள்ளுவது தலைகீழான ஏற்பாடு. பல துறைகளில் அது யோசிக்காமலேயே நடந்துகொண்டிருக்கிறது.

முந்துபவருக்கே முதலிடம் என்ற விதி பார்வைக்கு நேர்மையானது. ஆனால் முந்துபவர் எப்போதும் ஏற்கெனவே கருவியைப் பற்றித் தெரிந்தவராகவும், கேட்கத் தயங்காதவராகவுமே இருப்பார். எனவே வாரத்தின் மொத்த நேரத்தில் ஒரு பகுதியை முதன்முறை பயனாளிகளுக்கென்றும், இன்னொரு பகுதியை வெளிக் கல்லூரிகளுக்கென்றும் பூட்டி வைத்துவிடுங்கள். இரண்டு நாள் முன்னதாகவும் யாரும் எடுக்காவிட்டால் மட்டும் அதை மற்றவர்களுக்கு விடலாம். முன்பதிவுப் பட்டியல் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். பேராசிரியரின் கைபேசியில் மட்டும் இருக்கும் பட்டியலில் அவருக்குத் தெரிந்தவர்களின் பெயர்களே இருக்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பாடத்திட்டத்துக்குள் வரும் பயன்பாட்டுக்கு மாணவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெளிக் கல்லூரி மாணவர்களிடம் நுகர்பொருள் செலவை மட்டும் பெறலாம். தொழில் நிறுவனங்களிடம் முழுக் கட்டணம் பெற்று, அந்தப் பணத்தைக் கல்லூரியின் பொதுக் கணக்கில் கரையவிடாமல், கருவியின் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் வைக்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஆணை பெற்றுக்கொள்ளுங்கள்.

இயக்கக் கற்றுக்கொடுத்தல்

ஒருவர் மூன்று நிலைகளைக் கடந்து கருவியைத் தனியே இயக்கும் தகுதி பெறட்டும்: முதலில் பிறர் இயக்குவதைப் பார்த்தல், பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருக்கத் தாமே இயக்குதல், கடைசியில் ஒரு தெரிந்த பொருளை அளந்து சரியான முடிவைக் காட்டித் தகுதிச் சான்று பெறுதல். மத்திய மின்னணுத் துறையின் ஆதரவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் தொடங்கப்பட்ட நானோ மின்னணுப் பயனர் திட்டம் இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. அங்கே வெளியூர்க் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் முதலில் அறிமுகப் பட்டறையிலும், பிறகு கைப்பயிற்சியிலும் கலந்துகொண்டு, அதன்பின் தங்கள் சொந்த ஆய்வுத்திட்டத்துடன், தூசி புகாத தூய்மை அறைக்குள் நுழைய முடிந்தது. அத்தகைய தூய்மை அறையைத் தனியாகக் கட்டிக்கொள்வது எந்தச் சாதாரணக் கல்லூரிக்கும் கைக்கு எட்டாத செயல்.

இயக்கக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுங்கள். பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு வேதியியல் புரியாமல் இல்லை. எண்பது பக்க ஆங்கிலக் கையேட்டின் நடையும், தவறாக ஏதேனும் அழுத்திவிடுவோமோ என்ற அச்சமும்தான் அவரைப் பின்வரிசையில் நிறுத்துகின்றன. திரையின் படத்தை ஒட்டி, பொத்தான்களின் பெயர்களைத் திரையில் உள்ளபடியே காட்டி, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தமிழில் இரண்டு வரி விளக்கம் சேர்த்தால் பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும். இதை ஆசிரியர் எழுதுவதைவிட, முதன்முறை கற்றுக்கொண்ட மாணவர்கள் எழுதி ஆசிரியர் திருத்துவதே நல்லது, ஏனெனில் எந்த இடத்தில் தடுமாற்றம் வரும் என்பது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

அச்சத்தைப் போக்க இன்னொரு வழி, எது உடையும், எது உடையாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. ஏடிஆர் இணைப்பில் வைரப் படிகம் இருந்தால் பெரும்பாலான மாதிரிகளைக் கவலையின்றி அழுத்தலாம்; துத்தநாக செலினைடு படிகமாக இருந்தால் கீறல் விழும், அமிலம் பட்டால் கெடும். யுவி பகுதியில் அளக்கக் குவார்ட்சாலான குவெட் (கரைசலை ஊற்றும் சிறு கலம்) வேண்டும், ஏனெனில் கண்ணாடி அந்த ஒளியை உறிஞ்சிவிடும். குவார்ட்சு விலை அதிகம், ஆகவே இரண்டு உதிரிகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, உடைந்தால் மாணவரிடம் பணம் கேட்பதில்லை என்று அறிவித்துவிடுங்கள். உடைத்தால் தண்டம் என்ற விதி இருக்கும் ஆய்வுக்கூடத்தில், வீட்டில் பணம் இல்லாதவர் கருவியைத் தொட மாட்டார்.

முதுநிலை மாணவர்கள் சிலரைக் கருவி உதவியாளர்களாக நியமித்து, மணிக்கணக்கில் சிறு ஊதியம் கொடுங்கள். அந்த இடங்களுக்கு மதிப்பெண் வரிசையை மட்டும் பார்க்காமல், குடும்பத்தில் முதல் பட்டதாரிகளையும் மாணவியரையும் கருதித் தேர்ந்தெடுத்தால், கீழ்வகுப்பு மாணவர்கள் கருவியின் முன் தங்களைப் போன்ற ஒருவர் அமர்ந்திருப்பதைக் காண்பார்கள். அவரிடம் ஐயம் கேட்பதற்கு அவர்கள் கூச்சப்பட மாட்டார்கள்.

இளநிலைச் செய்முறைக்குள் கொண்டுவருதல்

விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று விட்டால் வருபவர்கள் குறைவு. பாடத்திட்டத்துக்குள் ஒரு செய்முறையாக வைத்தால் எல்லோரும் வந்தே ஆக வேண்டும். அதிலும் மாணவரின் ஊரோடு தொடர்புள்ள பொருளை அளக்கக் கொடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட சிக்கல். ஸ்பாட்ன்ஸ் (SPADNS) எனப்படும் சாயத்தைப் பயன்படுத்தி, 570 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறம் குறைவதை அளந்து, நீரிலுள்ள ஃபுளூரைடைக் கணக்கிட முடியும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கப்படுகிறது. தம் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குப்பியில் கொண்டுவந்து தாமே அளக்கும் மாணவி, அந்த எண்ணின் பொருளை வீட்டில் விளக்கும் இடத்துக்கு வருகிறார். பிழை எல்லையைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் எழாத கேள்விகள், தன் வீட்டு நீரின் அளவு 1.4ஆ 1.6ஆ என்று பார்க்கும்போது தாமாகவே எழும். இரும்புச் சத்து மிகுந்த நீர் உள்ள ஊர்களில், இரும்புடன் சேர்ந்து நிறம் தரும் ஃபினாந்த்ரோலின் என்ற சேர்மத்தைக் கொண்டு 510 நானோமீட்டரில் இரும்பை அளக்கலாம்.

பக்கத்துக் கல்லூரிகள்

வெளிக் கல்லூரியிலிருந்து மாதிரியை மட்டும் வாங்கிக்கொண்டு வரைபடத்தை அனுப்பினால், தொடக்கத்தில் கண்ட நிலையையே நாம் சிறிய அளவில் திரும்ப உருவாக்குகிறோம். இயன்றவரை மாணவரையும் வரச் சொல்லுங்கள்; வர இயலாதபோது, குறித்த நேரத்தில் காணொளி அழைப்பில் திரையைப் பகிர்ந்து, அளவீட்டின் ஒவ்வொரு அமைப்பையும் அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம் 1999ஆம் ஆண்டிலேயே பக்ஸ்கோப் என்ற திட்டத்தின் மூலம், பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் பிடித்த பூச்சிகளை அஞ்சலில் அனுப்பிவிட்டு, தங்கள் வகுப்பறையில் இருந்தபடியே இணையம் வழியாக எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கிப் பார்க்க வழிசெய்தது. அன்றைய இணைய வேகத்தில் அது இயன்றது என்றால், இன்று நம் மாவட்டத்துக்குள் அது கடினமே அல்ல.

முடிவை அனுப்பும்போது படமாக மட்டும் அனுப்பாமல் மூலத் தரவையும் சேர்த்து அனுப்புங்கள். பைதான், இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு வரைபடம் வரையவும் படங்களை அளக்கவும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால், மாணவர்கள் தம் தரவைத் தாமே ஆராய்வார்கள்.

பராமரிப்பும் பதிவேடும்

நின்றுபோன கருவியால் முதலில் இழப்பவர் வேறு வழியில்லாத மாணவரே. வசதியுள்ளவர் பணம் கட்டி வெளியே அளந்துகொள்வார். எஃப்டிஐஆர் கருவிக்குள் இருக்கும் பொட்டாசியம் புரோமைடு ஒளிப்பகுப்பான் (ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் பகுதி) ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும் தன்மையுடையது. கடலோர ஊர்களில் இது பெரிய ஆபத்து. ஈரமுறிஞ்சிப் பொதியைக் குறித்த காலத்தில் மாற்றுவதும், விடுமுறையிலும் அறையின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைப்பதும் பெயர் குறிப்பிட்ட ஒருவரின் பொறுப்பாக இருக்க வேண்டும். யூபிஎஸ் மின்கலங்களின் ஆயுளையும், எர்த் இணைப்பையும் ஆண்டுதோறும் சோதியுங்கள்.

பதிவேட்டில் வழக்கமான விவரங்களுடன் இரண்டு புதிய பத்திகளைச் சேருங்கள்: பயனாளி தாமே இயக்கினாரா அல்லது மாதிரி மட்டும் கொடுத்தாரா என்பது ஒன்று, இது அவருக்கு முதன்முறையா என்பது மற்றொன்று. பாலினம், வகுப்பு, கல்லூரி ஆகியவற்றைப் பெயரிலிருந்து பிரித்து, தொகுப்பு எண்ணாக மட்டும் பருவ இறுதியில் துறைக் கூட்டத்தில் படியுங்கள். மாதிரி கொடுத்தவர்களில் மாணவியர் பாதிக்குமேல் இருந்து, தாமே இயக்கியவர்களில் அவர்கள் கால்பங்குக்கும் குறைவாக இருந்தால், அடுத்த பருவத்தின் நேர அட்டவணையையும் பயிற்சிக் குழுவையும் அதற்கேற்ப மாற்றுங்கள். வெளிக் கல்லூரிக்கு ஒதுக்கிய நேரம் தொடர்ந்து காலியாக இருந்தால், அந்த நேரத்தை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கல்லூரியின் துறைத்தலைவரை அழைத்துக் காரணம் கேளுங்கள்; பேருந்துக் கட்டணமோ வருகைப் பதிவோ தடையாக இருப்பதாகத் தெரிந்தால், தொழில் நிறுவனக் கட்டணக் கணக்கிலிருந்து பயணச் செலவைக் கொடுக்கவும், அந்த நாளை வகுப்பில் வந்த நாளாகக் கருதும்படி அவர்கள் முதல்வருக்குக் கடிதம் எழுதவும் உங்கள் துறையால் முடியும்.